பன்னிரு குலங்களும் நான்கு தாயரும்

இஸ்ரவேலின் பன்னிரு குலங்களும் யாக்கோபு என்னும் ஒரு தந்தையின் வழிவந்தனவாகவே அறியப்படுகின்றன. இஸ்ரவேல் என்பதே அவனுக்கு வழங்கிய மறுபெயர். ஆயினும் அக்குலங்களுக்குள் உறவும் தகுதியும் வகுத்துக் காட்டுவது தந்தை பெயரன்று, தாயர் பெயரே. அத்தாயர் நால்வர். லேயாளும் ராகேலும் உடன்பிறந்த மனைவியர். சில்பாளும் பில்காளும் அவ்விருவருக்கும் அவர்தம் தந்தை கொடுத்தனுப்பிய அடிமைப் பெண்கள். முன்னிருவரை வரலாறு போற்றிற்று; பின்னிருவரை எவ்வாறு நடத்திற்று என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டுவது.

ஆதியாகமம் கூறும் கதை பலரும் அறிந்ததே. தமையன் ஏசாவுக்கு அஞ்சி ஆரானுக்குச் சென்ற யாக்கோபு, தாய்மாமன் லாபானின் இளைய மகள் ராகேலை விரும்பி ஏழாண்டு உழைக்கிறான். மணநாள் இரவில் மூத்தவள் லேயாளே அவனிடம் அனுப்பப்படுகிறாள். ராகேலுக்காக மேலும் ஏழாண்டு உழைக்க நேர்கிறது. விரும்பப்படாத லேயாள் ரூபன், சிமியோன், லேவி, யூதா என நால்வரைப் பெறுகிறாள். பிள்ளையில்லாத ராகேல் பில்காளைக் கணவனுக்குக் கொடுக்க, தாணும் நப்தலியும் பிறக்கின்றனர். லேயாளும் தன் பங்குக்குச் சில்பாளைக் கொடுக்க, காத்தும் ஆசேரும் பிறக்கின்றனர். பின்னர் லேயாளுக்கு இசக்கார், செபுலோன் என்னும் மைந்தரும் தீனாள் என்னும் மகளும். இறுதியில் ராகேலுக்கு யோசேப்பும் பென்யமீனும்.

இப்பிள்ளைகளுக்குப் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பது கவிஞர்கள் கருதத்தக்கது. ஒவ்வொரு பெயரும் ஒரு மனத்தின் நிலையைச் சுமந்து நிற்கிறது. சிமியோன் என்பதில் இறைவன் கேட்டான் என்ற ஆறுதல். லேவி என்பதில் கணவன் இனியேனும் தன்னோடு சேர்ந்திருப்பான் என்ற ஏக்கம். நப்தலி என்பதில் தமக்கையோடு நடத்திய போராட்டம். யோசேப்பு என்பதில் இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தருக என்ற வேண்டல். பிள்ளைப்பேற்றில் உயிர்விடும் ராகேல் தன் கடைசி மகனைத் துயரத்தின் மகன் என்றாள். தந்தை அதனை வலக்கையின் மகன் என்று மாற்றினான். ஆனால் தாணுக்கும் நப்தலிக்கும் பெயரிட்டவள் ராகேல். காத்துக்கும் ஆசேருக்கும் பெயரிட்டவள் லேயாள். பெற்றவர்கள் பேசிய சொல் ஒன்றேனும் நூலில் இல்லை. ரூபன் பில்காளோடு கூடியதை நூல் சொல்கிறது. அதனால் அவன் தலைமகன் உரிமையை இழந்ததையும் சொல்கிறது. அவளுக்கு நேர்ந்தது யாது என்பதைச் சொல்லவில்லை.

இஃது அக்காலத்து வழக்கின் விளைவே. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமுராபியின் சட்டத்தில் 146ஆம் பிரிவு, தலைவி கொடுத்த அடிமைப்பெண் கணவனுக்குப் பிள்ளை பெற்றபின் தலைவிக்கு நிகராகத் தன்னைக் கருதினால், அவளை விற்கலாகாது; ஆனால் அடிமைக் குறியிட்டு அடிமைகளோடு சேர்க்கலாம் என்கிறது. ஆபிரகாமின் வீட்டில் அடிமைப்பெண் ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் துரத்தப்பட்டனர். யாக்கோபின் வீட்டிலோ அடிமையர் பெற்ற நால்வரும் மைந்தராகவே ஏற்கப்பட்டனர். இரு தலைமுறைக்குள் நேர்ந்த இம்மாற்றம் சிறிதன்று.

இனி, இக்குடிவழி உண்மையில் ஒரு குடும்பத்தின் பிறப்புப் பதிவுதானா என்னும் வினா எழும். 1930இல் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் நோத், குலப் பட்டியல்கள் இருவகைப்படுவதை விளக்கினார். ஒன்றில் லேவி உண்டு. மற்றொன்றில் லேவி நீங்க, யோசேப்பின் இடத்தில் அவன் மைந்தர் எப்பிராயீமும் மனாசேயும் வந்து எண்ணிக்கை பன்னிரண்டாகிறது. விவிலியத்தின் மிகப் பழைய பாடல்களுள் ஒன்றெனக் கருதப்படும் தெபோராளின் பாட்டில் யூதா, சிமியோன், லேவி என்னும் பெயர்களே இல்லை. பென்யமீன் என்பதற்குத் தென்திசையார் என்றும் பொருள் கொள்வர். கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு வலப்புறம் தெற்கன்றோ! தட்சிணம் என்னும் சொல்லை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. 1868இல் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டு, காத் மக்கள் அதரோத் நாட்டில் நெடுங்காலமாக வாழ்ந்தனர் என்று கூறுகிறது. எனவே வெவ்வேறு நிலத்து மக்கள் ஒன்றுகூடியபோது, அக்கூட்டுறவைச் சொல்லக் கிடைத்த மொழியே உடன்பிறப்பு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், தாயின் பெயர் அக்கூட்டுறவில் ஒரு குலத்துக்குரிய இடத்தைக் குறிக்கும். அடிமையர் மைந்தரின் குலங்கள் பெரும்பாலும் எல்லைப்புறத்தில் அமைந்தன: ஆசேர் மேற்குக் கடலோரத்தில், நப்தலி வடக்கே கலிலேயாவில், தாண் இறுதியில் எர்மோன் மலையடியில், காத் யோர்தானுக்குக் கிழக்கே.

ஆதியாகமத்தின் 33ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. நானூறு பேரோடு ஏசா எதிர்வரக் கண்ட யாக்கோபு தன் குடும்பத்தை அணிவகுக்கிறான். அடிமைப்பெண்களும் அவர்தம் பிள்ளைகளும் முன்னே. லேயாளும் அவள் பிள்ளைகளும் அடுத்து. ராகேலும் யோசேப்பும் கடைசியில். அன்று ஏசா ஓடிவந்து தம்பியைத் தழுவிக்கொண்டதால் தீங்கு நேரவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து அசீரியப் படை வந்தபோது தழுவல் இல்லை. கி.மு. 732 அளவில் திக்லாத்பிலேசர் கைப்பற்றிச் சிறைகொண்டு சென்றவற்றுள் நப்தலி நாடு முழுவதும், காத் வாழ்ந்த கீலேயாத்தும் அடங்கும். எப்பிராயீமின் மலைநாட்டில் இருந்த சமாரியா வீழ்ந்தது அதற்குப் பத்தாண்டு பிந்தி, கி.மு. 722 அளவில். முன்னே நிறுத்தப்பட்டோர் முன்னே வீழ்ந்தனர். பழங்கதை நிலவியலை அறிந்தே பேசிற்று எனலாம்.

தலைமைக் குருவின் மார்ப்பதக்கத்தில் பன்னிரு கற்கள். அவற்றில் பன்னிரு மைந்தரின் பெயர்கள். அங்கே மனைவி மகன், அடிமை மகன் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் ரூத்தை வாழ்த்தும் பெத்லகேம் மூப்பர், இஸ்ரவேல் வீட்டைக் கட்டியவர்களாக ராகேலையும் லேயாளையும் மட்டுமே சொல்கின்றனர். லேயாள் மக்பேலா குகையில் கிடக்கிறாள். ராகேலுக்கு எப்பிராத்தா வழியில் ஒரு கல்லறைத் தூண் நின்றது. பில்காளும் சில்பாளும் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை விவிலியம் குறிக்கவில்லை. மைந்தரைச் சமமாக ஏற்ற சமுதாயம் அன்னையரை அவ்வாறு ஏற்கவில்லை. பன்னிரண்டில் நான்கு குலங்கள் இவர்கள் வயிற்றில் பிறந்தவை. அவ்வீட்டின் மூன்றிலொரு பங்கைக் கட்டியவர்கள் இவர்களே.