துடைப்பம் ஏந்திய கையில் கித்தார்

விழா மலர்களில் பெரியோரின் படங்கள் முதற் பக்கங்களை அலங்கரிப்பது வழக்கம். விழா மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியவர், நாற்காலிகளை வரிசையாக அடுக்கியவர், எல்லோரும் சென்ற பின் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் இரா. அத்தகைய பெயரில்லா ஊழியராக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை கூட்டிய மனிதர் ஒருவர், பின்னாளில் பல நாட்டவரும் கேட்டு மகிழ்ந்த பாடல்களை இயற்றினார். கித்தாரும் கையுமாக ஊர் ஊராகச் சென்று பாடினார். அவர்தான் அமெரிக்கப் பாடலாசிரியர் கிரிஸ் கிறிஸ்டாபர்சன். அவர் கடந்து வந்த பாதையைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கிறிஸ்டாபர்சன் 1936-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தில் பிரவுன்ஸ்வில் என்ற எல்லைப்புற ஊரில் பிறந்தார். தந்தையார் விமானப் படை அதிகாரி; மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். மகனும் படையில் சேர்ந்து பெயர் விளங்கச் செய்வான் என்பது பெற்றோரின் எதிர்பார்ப்பு.

மகனும் அந்த எதிர்பார்ப்புக்குக் குறை வைக்கவில்லை. கலிபோர்னியாவில் உள்ள போமோனா கல்லூரியில் இலக்கியம் பயின்று 1958-இல் மிகச் சிறந்த தகுதியுடன் பட்டம் பெற்றார். கால்பந்து, ரக்பி, குத்துச்சண்டை ஆகியவற்றிலும் தேர்ந்தவர். ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்றார். வில்லியம் பிளேக் என்ற கவிஞர் அவர் உள்ளத்தை ஆட்கொண்டார். இறைவன் தந்த கலைத்திறனைப் புதைத்து வைப்பது பாவம் என்ற பிளேக்கின் கருத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காலத்திலேயே வேறொரு பெயரில் சில பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்து பார்த்தார். அம்முயற்சி பலிக்கவில்லை.

1960-இல் இராணுவத்தில் சேர்ந்து, ஹெலிகாப்டர் ஓட்டப் பயிற்சி பெற்று, கேப்டன் ஆனார். மேற்கு ஜெர்மனியில் பணியாற்றியபோது படைவீரர்களைச் சேர்த்து ஒரு சிறு இசைக்குழு நடத்தினார். 1965-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. கௌரவமான பதவி, நிலையான சம்பளம், குடும்பத்தோடு வாழ வீடு. ஒரு மனிதன் வேறென்ன கேட்பான்?

இரண்டு வார விடுமுறை

அப்பதவியை ஏற்குமுன் இரண்டு வார விடுமுறையில் டென்னிசி மாநிலத்து நாஷ்வில் நகருக்குச் சென்றார். கிராமியச் சாயல் கொண்ட ‘கண்ட்ரி’ இசைக்குத் தலைநகர் அதுவே. படை நண்பர் ஒருவரின் உறவினரான மேரிஜான் வில்கின் என்ற பெண்மணி அங்கே பாடலாசிரியராகவும் பாடல் வெளியீட்டாளராகவும் இருந்தார். அவர் மூலமாகப் பாடலாசிரியர்கள் பலரின் பழக்கம் ஏற்பட்டது. புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷை மேடைக்குப் பின்புறம் கண்டு கைகுலுக்கும் வாய்ப்பும் கிட்டியது. விடுமுறை முடியுமுன் அவர் முடிவு செய்துவிட்டார். வெஸ்ட் பாயிண்ட் வேண்டாம், நாஷ்வில்தான்.

அப்போது அவருக்கு வயது 29. மனைவியும் குழந்தையும் உண்டு. பெற்றோருக்கு இச்செய்தி பேரிடியாக வந்தது. குடும்பத்தின் பெயரைக் கெடுத்துவிட்டாய், இனி எங்களைப் பார்க்க வராதே என்ற கருத்தில் தாயார் கடிதம் எழுதினார். ஆக்ஸ்போர்டில் படித்த மகன் குடிகாரர்களின் பாட்டு என்று அவர்கள் எண்ணிய ஒன்றை நாடிப் போனதை அவர்களால் தாங்க இயலவில்லை. தாயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்த வீட்டிலும் அன்று அதே பேச்சுத்தான் எழுந்திருக்கும்.

துடைப்பமும் சாம்பற் கிண்ணமும்

நாஷ்வில் நகரில் பாட்டெழுத வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். வயிற்றுக்கு ஒரு வழி வேண்டும் அல்லவா? கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கேட்டுப் போனார். அங்கே துப்புரவுப் பணி செய்து வந்த பில்லி ஸ்வான் என்ற இளைஞர் அன்றுதான் வேலையை விட்டு விலகினார். அவர் விட்ட துடைப்பம் இவர் கைக்கு வந்தது. இந்தப் பில்லி ஸ்வானைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

தரை கூட்டுவது, சாம்பற் கிண்ணங்களைக் காலி செய்வது, ஒலிப்பதிவுக்கு முன் நாற்காலிகளை எடுத்து வைப்பது, எடுபிடி வேலைகளைச் செய்வது ஆகியவை அவர் கடமைகள். பாட வரும் கலைஞர்களிடம் தம் பாட்டை நீட்டலாகாது. இராணுவத்தில் பலருக்கு ஆணையிட்ட கேப்டன், இங்கே எல்லோரும் ஏவும் ஆளாக நின்றார்.

ஆயினும் கண்ணையும் காதையும் யாரும் கட்டிவைக்கவில்லை. அக்கால நாஷ்வில் வழக்கப்படி ஒலிப்பதிவு என்பது மூன்று மணி நேர வேலை. அதற்குள் மூன்று அல்லது நான்கு பாட்டுகளை முடித்துவிடுவார்கள். 1966 பிப்ரவரியில் பாப் டிலன் அங்கு வந்தபோது இவ்வழக்கம் தலைகீழாயிற்று. தேர்ந்த வாத்தியக்காரர்கள் சீட்டாடிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க, டிலன் பியானோவின் முன் தனியே அமர்ந்து பாட்டை எழுதிக்கொண்டேயிருப்பார். அதிகாலை நான்கு மணிக்குப் பதிவு தொடங்கிய நாளும் உண்டு. ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’ என்ற இசைத்தட்டுத் தொகுப்பு அவ்வாறு உருவாயிற்று.

சாம்பற் கிண்ணத்தைக் காலி செய்துகொண்டே கிறிஸ்டாபர்சன் அதைக் கண்டார். டிலனிடம் ஒரு வார்த்தை பேசவும் அவர் துணியவில்லை. ஆனால் சொல்லுக்காக வாத்தியங்கள் காத்திருக்கலாம் என்பதை அங்கே கற்றார். எந்தக் கல்லூரியும் அவருக்குக் கற்பித்திராத பாடம் அது.

வறுமையும் வளர்ச்சியும்

அந்த ஆண்டே அவர் எழுதிய ‘வியட்நாம் புளூஸ்’ என்ற பாட்டை டேவ் டட்லி பாடி ஓரளவு பெயர் பெற்றது. எனினும் வறுமை நீங்கவில்லை. இரண்டாம் குழந்தை உணவுக்குழலில் குறையோடு பிறந்ததால் மருத்துவச் செலவு மலைபோல் வளர்ந்தது. அதைச் சமாளிக்க லூயிசியானா மாநிலத்திற்குச் சென்று, கடலில் உள்ள எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார். ஒரு வாரம் அங்கே பறப்பார். மறு வாரம் நாஷ்வில் வந்து பாட்டுகளைக் கொடுத்துப் பார்ப்பார். நடுக்கடலில், எண்ணெய் மேடையில் அமர்ந்தபடி கித்தாரை மீட்டி எழுதிய பாட்டுகளில் ஒன்றுதான் பின்னர் பெரும் புகழ் பெற்ற ‘ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்’.

இவ்வளவிற்கும் இடையே குடும்ப வாழ்வு குலைந்தது. முதல் மனைவி பிரிந்து சென்றார். புகழின் கதையைச் சொல்வோர் இவ்விலையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய பாட்டுகளில் முதன்மையானது ‘மீ அண்ட் பாபி மெக்கீ’. பிரெட் ஃபாஸ்டர் என்ற தயாரிப்பாளர், பக்கத்து அலுவலகத்தில் பணிபுரிந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அதைத் தலைப்பாக வைத்து எழுதும்படி கேட்டார். ‘மெக்கீ’ என்று கேட்டது காதின் பிழை. உண்மைப் பெயர் ‘மெக்கி’. ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’ என்ற இத்தாலியத் திரைப்படத்தின் இறுதிக் காட்சியை நினைத்து அப்பாட்டை எழுதியதாக அவர் கூறியுள்ளார். 1969-இல் ரோஜர் மில்லர் முதலில் பாடினார். 1970 அக்டோபரில் காலமான ஜானிஸ் ஜோப்ளின், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அதைப் பாடிப் பதிவு செய்திருந்தார். 1971 மார்ச்சில் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் அது முதலிடம் பெற்றது.

ஹெலிகாப்டர் கதை

ஜானி கேஷ் வீட்டுத் தோட்டத்தில் கிறிஸ்டாபர்சன் ஹெலிகாப்டரை இறக்கிப் பாட்டைக் கொடுத்தார் என்ற கதை பரவலாக வழங்கி வருகிறது. இவர் ஒரு கையில் ஒலிநாடாவும் மறு கையில் மதுப்புட்டியுமாக இறங்கி வந்ததாகக் கேஷ் சொல்வதுண்டு. ஹெலிகாப்டர் இறங்கியது உண்மைதான். ஆனால் கேஷ் அச்சமயம் வீட்டிலேயே இல்லை என்றும், ஹெலிகாப்டர் ஓட்டுவதற்கு இரு கைகளும் வேண்டும் என்றும் கிறிஸ்டாபர்சன் சிரித்துக்கொண்டே மறுத்துள்ளார்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு நாள் வானிலிருந்து இறங்கியதால் வாழ்வு மாறிவிட்டது என்று கேட்க நமக்கு ஆசை. நடந்தது வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் பணி செய்த நாட்களில் கேஷின் துணைவியார் ஜூன் கார்ட்டரிடம் ஒலிநாடாக்களைக் கொடுத்தனுப்பினார். தம்மிடம் வந்து குவிந்த நாடாக்களோடு அவற்றையும் கேஷ் ஏரியில் எறிந்தார். இவர் மீண்டும் எழுதினார், மீண்டும் கொடுத்தார். கூட்டும் ஆளாக இருந்த காலத்திலேயே கேஷுக்கு அவர் முகம் பழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்தது ஹெலிகாப்டர் அன்று, துடைப்பமே.

மேடையும் பயணமும்

1969-இல் நியூபோர்ட் இசை விழாவில் கேஷ் தமது நிகழ்ச்சிக்கு இடையே கிறிஸ்டாபர்சனை மேடையேற்றினார். 1970-இல் முதல் இசைத்தட்டுத் தொகுப்பு வெளிவந்தது. அவ்வாண்டு ‘சண்டே மார்னிங் கமிங் டவுன்’ என்ற அவரது பாட்டைக் கேஷ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். போதையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றும்படி நிலையத்தார் வற்புறுத்தியும், பாடலாசிரியர் எழுதியபடியே பாடினார். அப்பாட்டு அவ்வாண்டின் சிறந்த பாடலாகக் ‘கண்ட்ரி’ இசைச் சங்கத்தால் தெரிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் மற்றோர் இசை மன்றமும் அவர் எழுதிய ‘ஃபார் த குட் டைம்ஸ்’ என்ற பாட்டுக்குப் பரிசளித்தது.

பாட்டெழுதியவரே பாட வேண்டும் என்று மக்கள் கேட்கத் தொடங்கினர். கரகரத்த குரல், எளிய கித்தார் வாசிப்பு. இவ்விரண்டையும் பற்றி அவருக்கே பெருமை கிடையாது. 1970 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த மாபெரும் இசை விழாவில் கூட்டத்தினர் கூச்சலிட்டு அவரை இறங்க வைத்தனர். அவர் மனம் தளரவில்லை, பயணம் தொடர்ந்தது. அந்தத் தொடக்க காலக் குழுவில் உடன் வாசித்தவர் யார் தெரியுமா? துடைப்பத்தை விட்டுச் சென்ற அதே பில்லி ஸ்வான்! ஒரே தரையைக் கூட்டிய இருவர் ஒரே மேடையில் நின்றனர்.

புகழோடு குடியும் வளர்ந்தது. அத்தகைய நாட்களில் நண்பர்கள் அழைக்க, நாஷ்வில் நகரில் ஓர் ஆலய வழிபாட்டிற்குச் சென்றார். அங்கே லாரி காட்லின் பாடிய பக்திப் பாடலைக் கேட்டு மனமுருகி, முழந்தாளிட்டு அழுதார். தகுதியற்ற எனக்கு ஏன் இத்தனை நன்மை என்று இறைவனிடம் கேட்கும் ‘வை மீ’ என்ற பாட்டு அதிலிருந்து பிறந்தது. 1973-இல் அது ‘கண்ட்ரி’ வரிசையில் முதலிடம் பெற்றது. மற்றவர்கள் பாடி உயர்ந்த அவரது பாட்டுகள் பல. அவரே தனித்துப் பாடி அவ்வரிசையில் முதலிடம் பெற்றது இது ஒன்றே.

1985-இல் ஜானி கேஷ், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ் ஆகியோருடன் ‘ஹைவேமென்’ குழுவில் இணைந்தார். யாருக்கு ஒலிநாடா கொடுக்கக் காத்து நின்றாரோ, அவருக்குப் பக்கத்தில் நின்றே பாடினார். முதுமையில் குழு ஏதுமின்றி, கித்தாரும் ஹார்மோனிக்காவும் மட்டும் ஏந்தித் தனியே நாடு நாடாகச் சென்றார். 2004-இல் ‘கண்ட்ரி’ இசைப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2024 செப்டம்பர் 28-ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் மாவி தீவிலுள்ள தம் இல்லத்தில் 88-ஆம் வயதில் காலமானார்.

முடிவுரை

கித்தார் பயிலும் நம் இளைஞர்களுக்கும், அவர்களைக் கண்டு கவலைப்படும் பெற்றோருக்கும் இவ்வரலாற்றில் ஒவ்வொரு பாடம் உண்டு. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் பாட்டெழுதப் போகலாம் என்று நாம் சொல்லவில்லை. அவர் கொடுத்த விலையை மேலே கண்டோம். நாஷ்வில் சென்றவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினர் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் தேர்ந்த தொழிலின் வாசலில் கிடைக்கும் எளிய பணியை இழிவென்று ஒதுக்குபவன், உள்ளே நடப்பதைக் காணும் வாய்ப்பையும் இழக்கிறான். சாம்பற் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே பாட்டின் இரகசியத்தைப் படித்தவர் கிறிஸ்டாபர்சன். இந்த விழா நாட்களில் நம் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் இளைஞனையும் சற்று நின்று பார்ப்போம். அவன் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறானோ, யார் அறிவார்?