வெலிகம வளைகுடா: அலைநிலையும் வானிலையும்

வெலிகம வளைகுடா இலங்கையின் தென்கரையில், காலிக்கும் மாத்தறைக்கும் நடுவே, தெற்கு நோக்கித் திறந்திருக்கும் பிறைவடிவ மணற்கரை. மாத்தறை மாவட்டத்தைச் சேர்ந்தது. கொழும்பிலிருந்து வரும் கரையோர ரயில்பாதையும் காலி வீதியும் இதை ஒட்டிச் செல்கின்றன. மேற்குப் பக்கத்தில், கரைக்கு மிக அருகில், தப்ரபேன் என்ற குட்டித்தீவு இருக்கிறது. கிழக்குக் கரத்தின் உட்புறத்தில் மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகம். ஊரில் சிங்களவரோடு தமிழ் பேசும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். கடந்த சில பத்தாண்டுகளில் மீன்பிடிக்கு அடுத்த பிழைப்பாக அலைச்சறுக்கு வளர்ந்துவிட்டது. கரை நெடுகப் பலகைகளை வாடகைக்கு விடும் கொட்டகைகள் நிற்கின்றன. துறைமுகத்தை அங்கே அமைத்ததற்கும், சறுக்குப் பழகுவோர் இங்கே கூடுவதற்கும் காரணம் ஒன்றுதான்: திறந்த கடலின் முழு வேகமும் வளைகுடாவின் உட்பகுதிக்கு வந்து சேர்வதில்லை. இத்தகைய மறைவான கரையில் அலையைக் கணிப்பது திறந்த கரையில் கணிப்பதிலிருந்து வேறானது. முன்னறிவிப்பில் காணும் அலையுயரம் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

அலையின் பிறப்பிடம்

வெலிகமவில் உடையும் நல்ல அலைகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அருகே பிறந்தவை அல்ல. தென் இந்து சமுத்திரத்தில், 40 முதல் 55 பாகை வரையான தென் அகலக்கோடுகளில், ஆண்டு முழுவதும் புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. அவை கிளப்பும் கொந்தளிப்பு புயலை விட்டு விலகி வடக்கே வரும்போது ஒழுங்குபட்டு, நீண்ட, சீரான வரிசைகளாகிறது. இப்படி நெடுந்தூரம் பயணித்து வரும் அலையே ஸ்வெல். இலங்கைக்குத் தெற்கே அண்டார்டிக்கா வரை குறுக்கே நிலம் இல்லை என்பதால் தென்கரைக்கு இதன் வரத்து ஏறக்குறைய எந்நாளும் உண்டு.

ஸ்வெல்லை அளக்க மூன்று விவரங்கள் வேண்டும்: உயரம், திசை, அலைக்காலம். ஒரு முகடு கடந்த பின் அடுத்த முகடு வரும் வரையான நொடிகளே அலைக்காலம். ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகத்தை இதுவே தீர்மானிக்கிறது. நொடிக்கணக்கை 0.78 ஆல் பெருக்கினால் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 6,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புயல் என்றால், 18 நொடி அலைகள் ஏறத்தாழ ஐந்து நாளில் கரை சேரும். அதே புயலின் 12 நொடி அலைகளுக்கு ஏழு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு ஸ்வெல்லின் முதல் அடையாளம் உயரமான அலை அல்ல. தாழ்வாக, ஆனால் நீண்ட இடைவெளி விட்டு வரும் அலைகள் முதலில் தென்படும். உயரம் அதன் பின்னரே கூடும். கூடக் கூட இடைவெளி சுருங்கும்.

காற்றலை வேறு. அருகிலுள்ள கடலில் வீசும் காற்று எழுப்பும் 5 முதல் 8 நொடி அலைகள் அவை. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதால் கடற்பரப்பு குழம்பிப்போகும்.

வளைகுடா செய்யும் மாற்றம்

அலைநீளத்தில் பாதியளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடலடியை உணரத் தொடங்குகிறது. 15 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 350 மீட்டர். அது 175 மீட்டர் ஆழத்திலேயே கடலடியால் பாதிக்கப்படுகிறது. 8 நொடி அலையின் நீளம் 100 மீட்டர்தான். 50 மீட்டர் ஆழம் வரை அது தன் போக்கில் வரும். ஆழம் குறைந்த பக்கத்தில் அலை வேகம் குறைவதால் அதன் வரிசை அப்பக்கமாக வளைகிறது. இந்த வளைவு நீண்ட அலைகளுக்கு மிகுதி. தென்மேற்கிலிருந்து வரும் 15 நொடி ஸ்வெல் மேற்கு முனையைச் சுற்றி வளைகுடாவுக்குள் திரும்பிவிடும். அதே திசையிலிருந்து வரும் 7 நொடி அலை அவ்வளவாகத் திரும்பாமல் கிழக்குக் கரையில் போய் மோதும்.

திரும்புவதற்கு ஒரு விலை உண்டு. வளைந்து உள்ளே வரும் அலை விசிறிபோல் விரிகிறது. திறந்த கடலில் குறுகிய முகட்டில் இருந்த ஆற்றல் நீண்ட கரைநெடுகப் பகிரப்படுவதால் உயரம் குறைகிறது. எனவே மிதிகமவிலும் அஹங்கமவிலும் பாறைத்தரையின் மேல் தலைக்கு மேலான அலை உடையும் நாளில், சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள வெலிகமவில் இடுப்பளவு, நெஞ்சளவு அலையே இருப்பது வழக்கம். தெற்கிலிருந்து நேராக வரும் ஸ்வெல்லுக்கு இந்தத் தள்ளுபடி குறைவு. உயரமும் காலமும் மாறாதிருக்க, திசை மட்டும் தென்மேற்கிலிருந்து தெற்குக்குத் திரும்பினாலே அலை கண்ணுக்குத் தெரியும்படி பெருகும். முன்னறிவிப்பைப் பார்ப்போர் அதிகம் கவனியாமல் விடுவது திசையைத்தான்.

வளைகுடாவின் எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவு மறைவு இல்லை. மேற்கு மூலை மிக அமைதியானது. நடுப்பகுதியில் அலை சற்று வளரும். கிழக்கே போகப் போக வலுக்கும். முதல் நாள் பழகுவோரை எங்கே இறக்குவது என்று பயிற்றுநர் அன்றாடம் முடிவுசெய்வது இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான்.

அலையுயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போது அலை உடைகிறது. வெலிகமவின் கடலடி மெதுவாகச் சரியும் மணல் என்பதால் அலை சுருண்டு விழுவதைவிட நுரைத்துச் சரிவதே மிகுதி. கரையை நோக்கி நெடுந்தூரம் ஓடும் வெண்ணுரை பழகுநருக்கு வாய்ப்பானது. தேர்ந்தவருக்கு வேண்டியதோ ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனை நோக்கி மெல்ல உரிந்து செல்லும் அலை. சீரான, நீண்ட கால ஸ்வெல் மணற்கரைக்கு வரும்போது வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மடிந்து விழுகிறது. பாறை முனைகளில் பொன்னான நாள் என்று கொண்டாடப்படும் ஸ்வெல் வெலிகமவில் சறுக்க இடம் தராத சுவராக முடிவது இதனால்தான். 9 முதல் 12 நொடி வரையான நடுத்தர ஸ்வெல்லோ, இரு திசைகளிலிருந்து வந்து குறுக்கிடும் ஸ்வெல்களோ தனித்தனி முகடுகளை எழுப்பி இக்கரைக்கு அதிகம் பொருந்துகின்றன.

பருவங்கள்

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரலில் முதலாவது இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி, ஒக்டோபர், நவம்பரில் இரண்டாவது இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி.

வெலிகமவின் நல்ல காலம் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை. வடகீழ்க் காற்று தீவின் நிலப்பரப்பைக் கடந்து வலுவிழந்து தென்கரையை அடைகிறது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் அந்த மென்காற்று அலையின் முகத்தை மழுமழுப்பாக்கி, சற்று நேரம் நிமிர்த்தி நிறுத்துகிறது. தென் அரைக்கோளத்தில் அப்போது கோடை. புயல்கள் தெற்கே ஒதுங்கி வலுக்குறைவதால் ஸ்வெல்லும் மிதமானது. மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போவதும் இதே மாதங்களில்தான். அந்தத் தொழிலுக்கும் வேண்டியது அமைதியான கடலே.

மே மாதத்தில் நிலை தலைகீழாகிறது. மேற்கு, தென்மேற்குக் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வாரக்கணக்கில் வீசும். தென் அரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்களும் அதே காலத்தில் வலுத்து ஸ்வெல்லை அனுப்பும். சுற்றுவட்டாரப் பாறைத்தரை அலைகள் பெரும்பாலும் பயன்படாமல் போகின்றன. மறைவின் பயன் அப்போதுதான் தெரியவரும்: மழைக்காற்று தணியும் இடைவெளி நாட்களில், குறிப்பாகக் காற்று மேற்கிலிருந்து வரும்போது, வெலிகமவின் மேற்குப் பகுதி பழகுவதற்கு ஏற்றதாகவே இருக்கும். ஆனால் முனைகள் ஸ்வெல்லைத் தடுக்கும் அளவுக்குக் காற்றைத் தடுப்பதில்லை. காற்று தெற்கே திரும்பினால் வளைகுடா முழுவதும் கலங்கும். தென்கரை கலங்கும் இந்த மாதங்களே கிழக்கே அம்பாறை மாவட்டத்தின் அறுகம்குடாவுக்குப் பொற்காலம். அதே தென்மேல் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. பயிற்றுநர் பலர் பருவத்தோடு கரை மாறுகின்றனர்.

இரண்டாவது இடைப்பருவம் நம்பத்தகாதது. காற்று ஓய்ந்து கடல் கண்ணாடிபோல் கிடக்கும் காலைகள் உண்டு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும் மழையும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்கு அருகே உருவாகி, குமரி மீனவர் பலரைப் பலிகொண்ட ஒக்கிப் புயல் இந்தப் பருவத்தின் இறுதியில் எழுந்ததே.

ஒரு நாளின் போக்கு

நல்ல பருவத்தில் நாளின் காற்றைக் கணிப்பது எளிது. இரவில் நிலம் குளிர்வதால் விடியலில் காற்று நிலத்திலிருந்து மெல்ல வீசும். முற்பகலில் நிலம் சூடேறியதும் ஓய்ந்து, நண்பகலை ஒட்டிக் கடற்காற்றாகத் திரும்பும். பிற்பகலில் அது 10 முதல் 15 நொட் வரை எழுந்தால் அலைமுகம் சுருக்கம் விழுந்துவிடும். மாலையில் மீண்டும் தணியலாம். காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையே சிறந்த நேரம் என்று கரையில் சொல்வதன் அடிப்படை இதுதான். இடைப்பருவங்களில் பிற்பகல் இடிமழை இந்த ஒழுங்கைக் கலைக்கும். முகில் திரண்டு வரும்போது குளிர்ந்த காற்று சட்டென்று நிலப்பக்கமிருந்து பாய்ந்து சில நிமிடம் அலையைச் செப்பமாக்குவதுண்டு. ஆனால் மின்னலும் கூடவே வருவதால் அதை நம்பி நீரில் நிற்பது தகாது.

கடல்நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். உடலை மூடும் ரப்பர் உடை குளிருக்குத் தேவையில்லை. வெயிலுக்கு மெல்லிய மேலாடை தேவை.

வற்றுப்பெருக்கும் மணல்திட்டும்

இலங்கையின் தென்கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு, அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும்கூடப் பொதுவாக முக்கால் மீட்டருக்குள் அடங்கும். ஐரோப்பிய அட்லாண்டிக் கரைகளில் இது பல மீட்டர். ஆயினும் சரிவு குறைந்த கடலடியில் அரை மீட்டர் நீர்மட்டமே அலை உடையும் கோட்டைக் கணிசமாக நகர்த்திவிடும். வற்றில் அலை வெளியே தள்ளி உடைந்து வேகமாக மடியும். முழுப் பெருக்கில் வெளித்திட்டின் மேல் உடையாமல் கடந்து கரையோரத்தில் தடாலென்று விழும். நடுமட்டமே பெரும்பாலும் தோதானது.

மணல்திட்டுகள் நிலையானவை அல்ல. தென்மேல் பருவக் கொந்தளிப்பு மணலைக் கரையிலிருந்து அரித்து வெளியே குவிக்கிறது. அமைதியான மாதங்கள் அதைத் திரும்பக் கொண்டுவருகின்றன. வளைகுடாவில் கலக்கும் பொல்வத்த கங்கையும் மழைக்காலத்தில் தன் பங்குக்கு மண்ணைக் கொணர்கிறது. கடந்த ஆண்டு அலை நன்றாக உடைந்த இடத்தில் இந்த ஆண்டும் உடையும் என்பதற்கு உறுதியில்லை. எந்தக் கணினி மாதிரிக்கும் தெரியாத விவரம் இது.

முன்னறிவிப்பை வாசித்தல்

அலை முன்னறிவிப்பு போர்த்தேவையில் பிறந்த துறை. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்குவதற்காக ஹெரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் ஆகியோர் வகுத்த முறைகள் 1944 நார்மண்டித் தரையிறக்கத்துக்கும் பயன்பட்டன. இன்று காற்றின் கணிப்பிலிருந்து கடல் முழுவதற்கும் அலையைக் கணக்கிடும் மாதிரிகளை அமெரிக்க, ஐரோப்பிய நிலையங்கள் நாள்தோறும் பலமுறை இயக்குகின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இந்து சமுத்திரத்துக்கென அறிக்கை தருகிறது. இலங்கைக் கடலுக்கான காற்று, மழை எச்சரிக்கைகளை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிறது.

உலகளாவிய மாதிரிகள் கடலைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கின்றன. வெலிகம வளைகுடா முழுவதும் அத்தகைய ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதன் முனைகளோ வளைவோ மாதிரிக்குத் தெரியாது. எனவே அறிக்கையில் 1.8 மீட்டர் என்றிருந்தால் அது வெளிக்கடலின் உயரம். தவிரவும் அது மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனியலை ஒன்று அதன் இருமடங்கை நெருங்கலாம்.

1.5 மீட்டர், 7 நொடி, தென்மேற்கு, பிற்பகல் காற்று 18 நொட் என்றொரு நாள், 1.2 மீட்டர், 13 நொடி, தெற்கு, காலையில் வடக்கிலிருந்து 4 நொட் என்றொரு நாள். உயரத்தை மட்டும் பார்த்தால் முதல் நாள் பெரிது. வெலிகமவில் முதல் நாள் முறிந்த, வலுவற்ற அலைகளையே தரும்; இரண்டாம் நாளின் அலைகள் வளைகுடாவுக்குள் நேராக நுழைந்து, ஆழம் குறையக் குறைய உயர்ந்து, தெளிவாக உடையும். ஸ்வெல்லின் வரத்தை ஐந்து நாள் முன்னரே ஓரளவு நம்பலாம். உள்ளூர்க் காற்றையும் இடிமழையையும் இரண்டு நாளுக்கு மேல் நம்புவது வீண். அதற்கு அப்பால் நீளும் அட்டவணைகள் பயணத் திட்டத்துக்கு உதவுமே தவிர, எந்த நேரத்தில் நீரில் இறங்குவது என்பதற்கு உதவா.

ஆபத்துகள்

மறைவான கரை ஆபத்தற்ற கரை அல்ல. அலைகள் கரையில் ஏற்றும் நீர், திட்டுகளுக்கு இடையிலான பள்ளங்கள் வழியே கடலுக்குத் திரும்பும்போது இழுவை நீரோட்டம் உண்டாகிறது. சுற்றிலும் நுரை பொங்க, ஒரு கீற்றில் மட்டும் நீர் அமைதியாகவும் கருமையாகவும் தெரிந்தால் அது இருக்குமிடம் பெரும்பாலும் அங்கேதான். அகப்பட்டவர் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேற வேண்டும்.

நீண்ட கால ஸ்வெல் வரும் நாட்களில் கடல் பல நிமிடம் அடங்கிக் கிடந்து, பின் பெரிய அலைகள் நாலைந்து அடுத்தடுத்து வரும். வானம் தெளிந்து, காற்றும் ஓய்ந்திருக்கும்போதே இது நேர்வதால் ஏமாற்றம் மிகுதி. கேரளத்தில் கள்ளக்கடல் என்று வழங்குவது இந்த நிகழ்வின் தீவிர வடிவம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தது அத்தகைய ஸ்வெல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான்.

வெலிகமவில் அன்றாடக் காயங்களுக்குக் கடலைவிட நெரிசலே பெரிய காரணம்: நல்ல பருவத்துக் காலைகளில் ஒரே நுரையில் பலர் இறங்க, பிடிநழுவும் பலகைகள் அருகிலிருப்போரைத் தாக்குகின்றன. மீன்பிடிப் படகுகள் கரையேறும் பாதையையும் வலை விரித்த இடங்களையும் விட்டு விலகியிருப்பது இங்கே எழுதப்படாத விதி. கனமழைக்குப் பின் ஆற்றுநீர் கலங்கிச் சேரும் ஓரிரு நாட்களில் மரத்துண்டுகளும் ஊர்க்கழிவும் வளைகுடாவில் மிதக்கும். காதிலும் வயிற்றிலும் தொற்று வர வாய்ப்புண்டு. நீரின் நிறம் தெளியும் வரை இறங்காதிருப்பது உள்ளூரார் வழக்கம்.