செம்ஃபியோர்டு: புள்ளி நின்ற பிறகு 25 மணி நேரம்

எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். காரணம் ஏ.ஐ.எஸ். என்ற கருவி. ஓடும் கப்பலின் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் சில நொடிகளுக்கு ஒருமுறை வி.எச்.எஃப். அலைவரிசையில் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 கிராஸ் டன் முதலான கப்பல்களுக்கு 2002-2004இல் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள்.

அப்படியென்றால் கப்பல் இனித் தொலையாது என்றுதானே நினைப்போம்? செம்ஃபியோர்டு கதையைக் கேளுங்கள்.

83 மீட்டர் நீளமுள்ள சின்னக் கப்பல். 1984இல் சாதாரணச் சரக்குக் கப்பலாகக் கட்டியதை 1998இல் சிமெண்ட் ஏற்ற மாற்றினார்கள். கொடி சைப்ரஸ். டென்மார்க்கில் சுமார் 2000 டன் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் ரன்கார்னுக்குக் கிளம்பியது. உள்ளே எட்டுப் பேர்: ஏழு போலந்துக்காரர்கள், ஒரு பிலிப்பைன்ஸ்காரர். ஸ்காட்லாந்துக்கும் ஆர்க்னி தீவுகளுக்கும் நடுவே உள்ள பென்ட்லண்ட் ஜலசந்திதான் வழி. கடல் நீரோட்டம் பயங்கர வேகமான இடம். அதற்கு எதிராகப் புயல்காற்று அடித்தால் அலைகள் செங்குத்தாக எழும்பும். அன்றைக்கு அடித்தது.

2015 ஜனவரி 2, பிற்பகல் 1.16. புள்ளி நின்றது. உதவி கேட்டு ஒரு செய்திகூட வரவில்லை. மறுநாள் பிற்பகல் ஹ்ரோஸி என்ற ஃபெர்ரி, தலைகீழாக மிதந்த கப்பலைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கரைக்கே விஷயம் தெரிந்தது. 25 மணி நேரம்! எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏன் யாரும் கவனிக்கவில்லை? ஏ.ஐ.எஸ். உருவானதே கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கத்தான். கரை ஆன்டெனாவின் எல்லையைத் தாண்டினால் எந்தக் கப்பலின் புள்ளியும் மறையும். கவிழ்ந்தாலும் அதே மாதிரிதான் மறையும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவின் 2016 அறிக்கை இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. மீட்புப் படகை இறக்கும் ஏற்பாட்டிலும் நீர் இறைக்கும் ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தும் கப்பல் கிளம்பியிருக்கிறது. 2014 அக்டோபரில் இதே கப்பலில் சிமெண்ட் சரிந்து கவிழப் பார்த்தது. அதனால் பெரிய அலைகளுக்குக் குறுக்கே திருப்பக் கேப்டன் தயங்கியிருக்கலாம், நேரத்துக்குச் சரக்கைச் சேர்க்கும் வியாபார நெருக்கடியும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். (எங்கள் காமர்ஸ் புத்தகத்தில் 'சரக்குக் கட்டணம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும் சமாச்சாரம் இது.)

கப்பல் கவிழ்ந்த நிமிடத்தை விசாரணையாளர்கள் கண்டுபிடித்தது, பதிவாகியிருந்த அதே ஏ.ஐ.எஸ். தடத்தை வைத்துத்தான்.