மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் மூன்று எழுத்துகளும்

2025 பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் தனியார் கார்களின் இறக்குமதியை இலங்கை அரசு மீண்டும் அனுமதித்தது. 2020 மார்ச்சில் விழுந்த தடை அது. அன்று முதல் முள்ளியவளையில் இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் எக்ஸ், ஜி, இசெட் என்ற மூன்று எழுத்துகள் அடிக்கடி அடிபடுகின்றன. ரொயோட்டாவின் 'ரைஸ்' என்னும் சிறிய குறொஸ்ஓவர் வாகனத்தின் மூன்று தரங்கள் அவை. எதை எடுப்பது என்று உறவினர் ஒருவர் கேட்டார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை ஊரில் இன்னும் இருக்கிறது! விடை சொல்வதற்கு முன்னர், அந்த ஊர் ஒரு காலத்தில் எத்தகைய வாகனங்களைத் தெரிவு செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம், சீமெந்து எனத் தடைப் பட்டியல் நீண்டது. பெற்றோல் கிடைத்தாலும் அதன் விலை சாதாரண மனிதரின் கைக்கு எட்டாதது. ஓரளவு கிடைத்தது மண்ணெண்ணெய்தான். விளக்குக்கும் அதுவே, வாகனத்துக்கும் அதுவே.

அப்போது கைகொடுத்தவை மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும். மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோன கார். உலகம் பழைய இரும்பாகக் கருதிய அந்தக் கார்களே வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நோயாளரையும் பிரசவத்துக்குத் துடித்த பெண்களையும் சுமந்தன. புதிய யப்பானியக் கார்கள் கொட்டகையில் தூசு படிந்து கிடந்தபோது இவை ஓடின.

காரணம் எளிது. பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. மொறிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தை 8.3, 7.2 என்ற இரு அமுக்க விகிதங்களில் தொழிற்சாலையே வழங்கியது. தரங்குறைந்த பெற்றோல் விற்கப்பட்ட நாடுகளுக்கு உகந்தது இரண்டாவது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். அமுக்கம் குறைந்த இயந்திரமோ முக்கி முனகியேனும் அதைச் சகித்துக்கொள்ளும்.

ஆகவே எங்கள் கராச்சுக்காரர் ஒரு முறையைக் கைக்கொண்டனர். சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பது. அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இது உலகம் அறியாத வித்தையன்று. 1949 இல் வந்த பேர்கூசன் ரீ.ஈ.டி. 20 உழவு இயந்திரமும் பெற்றோலில் கிளம்பி, சூடானபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறியே பிரித்தானிய வயல்களை உழுதது. அங்கே அது செலவைக் குறைக்க உற்பத்தியாளர் தந்த வசதி. இங்கே அது முற்றுகைக்குள் மக்கள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

அதற்கான விலையையும் கொடுத்தோம். பிளக்குகள் கரி பிடித்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. வீதியெங்கும் கண்ணைக் கரிக்கும் புகை. கார் வாய்க்காதவருக்கு, அதாவது பெரும்பான்மையோருக்கு, சைக்கிளே கதி. அந்தச் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தியும் கேட்டார்கள்.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது, ஏ9 வீதி திறந்தது, பெற்றோலும் வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 25 இல் முல்லைத்தீவு நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே முள்ளியவளை மக்கள் புதுக்குடியிருப்புப் பக்கமாக இடம்பெயர்ந்திருந்தனர். உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகடும் நெல் மூட்டையும் முதியோரும் ஒன்றாகப் போயினர். அந்த வாகனங்களில் எத்தனையோ முள்ளிவாய்க்காலைத் தாண்டவில்லை. போர் முடிந்தபின் அங்கே எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்த சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் பேருந்துகளும் ஒரு சமூகத்தின் சேமிப்பு முழுவதும்தான்.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது தெற்கு திகைத்தது, வன்னி திகைக்கவில்லை. ஆனால் இம்முறை பழைய வித்தை பலிக்காது. மின்னணு ஆட்சியில் எரிபொருளைப் பீச்சும் இன்றைய இயந்திரம் மண்ணெண்ணெயை ஏற்காது. அந்த மண்ணெண்ணெயும் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குத் தாவியது.

இனி உறவினருக்கான விடை. இசெட் தரத்தில் 17 அங்குலச் சில்லு, பார்வைக்கு எடுப்பு. எக்ஸிலும் ஜியிலும் 16 அங்குலம். ரயரின் பக்கச் சுவர் சற்று உயரமானது, குன்றும் குழியுமான உள்வீதிகளுக்கு உகந்தது. ஆகவே ஜி போதும். ஹைபிரிட் வேண்டுமானால், அதன் மின்கலத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வவுனியாவிலாவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். வரியோடு ஒரு கோடி ரூபாவைத் தாண்டும் பொருளை வாங்கும்போது 'இதில் என்னென்ன உண்டு' என்று கேட்பது உலக வழக்கம். 'ஒன்றும் கிடைக்காத நாளில் இது எவ்வளவு தூரம் போகும்' என்று கேட்பது முள்ளியவளை வழக்கம். பின்னைய கேள்வியை நம் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது.