மூத்த பையன்கள்

நான் படித்த ஹாஸ்டலில் பெரிய வகுப்புப் பையன்களை 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். பெயரைச் சொன்னால் தலையில் குட்டு விழும். அவர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்து வைப்பது புதுப் பையனுடைய வேலை. முதல் வருஷம் நான் இறைத்தேன். இரவில் போர்வைக்குள் அழுதேன். அடுத்த வருஷம் வந்த ஒரு புதுப் பையனை எனக்கு இறைக்கச் சொன்னேன். ஒல்லிப் பையன், கயிறு உரசி உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. கையை விரித்துக் காட்டினான்.

"எனக்கும்தான் கொப்புளித்தது" என்றேன்.

அந்தப் பதில் என் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று வெகு நாள் யோசித்ததுண்டு. இங்கிலாந்தின் பள்ளிக்கூடச் சரித்திரத்தைப் படித்தபோதுதான் அது மிகப் பழைய பதில் என்று தெரிந்தது.

அங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவை பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகள். அவற்றுள் புகழ்பெற்ற ஈட்டனை 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவினார். 70 ஏழை மாணவர்கள் இலவசமாகப் படிப்பதற்காக. போகப் போகப் பிரபுக்களின் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். அந்த 70 பேரில் பெரும்பாலோர் ஒரே நீண்ட கூடத்தில் படுத்தார்கள். இரவானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். காலை வரை உள்ளே ஆசிரியர் கிடையாது. மூத்தவன் வைத்ததே சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு 'ஃபாகிங்' என்று பெயர். இளையவன் மூத்தவனுக்கு டீ போட வேண்டும், ரொட்டி வாட்ட வேண்டும், பூட்ஸுக்குப் பாலிஷ் போட வேண்டும். இந்த வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ரோல்ட் டால், ரெப்டன் பள்ளியில் படித்தவர். குளிர்காலத்தில் மூத்த மாணவன் வருவதற்கு முன் கக்கூஸில் போய் உட்கார்ந்து, பலகையைச் சூடு பண்ணி வைக்கும் வேலை தமக்கு இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் உட்கார்ந்திருந்த பையனுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். 1828-இல் ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஆர்னால்டு பெரிய சீர்திருத்தக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவரும் ஃபாகிங்கை ஒழிக்கவில்லை. மூத்த மாணவர்களிடம் அதிகாரத்தைப் பொறுப்பாக ஒப்படைத்தால் அவர்கள் நல்லவர்களாவார்கள் என்று நம்பினார். அவரிடம் படித்த தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய நாவலில், ஒரு சிறுவனைக் கணப்பு நெருப்பின் முன்னால் பிடித்து வாட்டுகிற முரடன் ஒருவன் வருகிறான். ஆர்னால்டைப் போற்றி எழுதிய நாவல்தான் அது!

வின்செஸ்டர் பள்ளியில் 1872-இல் நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பள்ளிப் பையன்களுக்கென்று தனிப் பாஷை ஒன்று உண்டு. வெளியாருக்குப் புரியாத சொற்கள். அவற்றில் பையன்களே பரீட்சை வைப்பார்கள். ஒரு மாணவன் அந்தப் பரீட்சைக்கு வர மறுத்தான். மாணவர் தலைவன் அவனுக்கு 30 அடி கொடுத்தான். ஐந்து பிரம்புகள் முறிந்தன. செய்தி டைம்ஸ் பத்திரிகை வரை போயிற்று. அடி அதிகம்தான் என்று ஒப்புக்கொண்ட தலைமையாசிரியர், அடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய மாணவர்களிலும் அந்த உரிமைக்குப் பரிந்து பேசியவர்கள் உண்டு. அவர்களும் ஒரு காலத்தில் அடி வாங்கியவர்கள்தாமே?

எனக்கும்தான் கொப்புளித்தது!

ஆனால் எல்லோரும் இந்தப் பதிலைச் சொல்லிவிடவில்லை. 1825-இல் ஈட்டனில் இரண்டு பையன்களுக்குள் வாய்ச்சண்டை, மறுநாள் குத்துச்சண்டை. ஒருவன் மற்றவனைவிடப் பெரியவன். சுற்றி நின்ற கூட்டம் உற்சாகப்படுத்த, இரண்டு மணி நேரம், ஏறத்தாழ 60 சுற்றுகள் நடந்தன. இடையிடையே சின்னவனுக்குப் பிராந்தி கொடுத்தார்கள். விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அன்றிரவே இறந்தான். வழக்கு நடந்தது, தண்டனை யாருக்கும் இல்லை.

இறந்தவன் பெயர் பிரான்சிஸ் ஆஷ்லி. அவனுடைய அண்ணன்தான் பிற்காலத்தில் ஷாப்ட்ஸ்பரி பிரபு. அவரும் சிறு வயதில் சிஸ்விக்கில் ஒரு விடுதிப் பள்ளியில் கொடுமை அனுபவித்தவர். அதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. ஆலைகளில் உழைத்த குழந்தைகளுக்காகப் பாராளுமன்றத்தில் வருஷக்கணக்காக வாதாடியவர் அவர். 1833-இல் வந்த ஆலைச் சட்டத்திலும், 1847-இல் வந்த பத்து மணி நேரச் சட்டத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது. தம்பியின் சாவுதான் காரணம் என்று நான் முடிச்சுப் போட வரவில்லை. பட்ட அடியை அடுத்தவனுக்குக் கொடுக்காமலும் ஒரு மனிதன் வாழ முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபாகிங் மெல்ல மறைந்தது. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பிரம்படியைச் சட்டம் தடுத்தது 1999-இல்தான்.

என் ஹாஸ்டல் பையனைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! மறு வருஷம் அவனும் 'அண்ணா' ஆனான். புதுப் பையன் ஒருவன் வாளியை எடுக்க வந்தபோது, "நீ போ" என்று சொல்லிவிட்டுத் தானே இறைத்துக்கொண்டான். வருஷம் பூராவும் அப்படித்தான். அவனுக்குப் பைத்தியம் என்று நாங்கள் சிரித்தோம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.