முழுதாக வெளியே வரட்டும்

புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. 2000 முதல் 2003 வரை இங்கே 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்களின் கர்ப்பப்பை வாயைப் பயிற்சி பெற்ற நர்சுகள் சோதித்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்து, வெளுத்துத் தெரியும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றால் நேர்ந்த சாவு, மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. மறைந்திருப்பதைத் தேடிப் பார்த்தால் உயிர் பிழைக்கும் என்று மெய்ப்பித்த மண் இது. ஆனால் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்காகச் சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கு அதே நம்பிக்கையைக் கொடுத்துவிட முடியாது.

காரணம், கர்ப்பப்பையின் தசைச் சுவரில் ஒளிந்திருக்கும் சார்கோமா. ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி அநேகமாக எப்போதும் சாதுவானது. சார்கோமாவோ ஸ்கேனில் அதைப் போலவே தெரியக்கூடியது. உள்சவ்வைச் சுரண்டி எடுத்துச் சோதித்தாலும் தப்பிவிடலாம். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்த காலத்தில் இந்த அறியாமையால் விளைந்த கேடு குறைவு. லேப் ரிப்போர்ட் வரும்போது கட்டி சிதையாமல் உடம்பைவிட்டு வெளியேறியிருக்கும். 1990களில் துளை ஆபரேஷனுக்கென்று வந்த மின் மார்செலேட்டர் அதை மாற்றியது. சுழலும் கத்தி கட்டியைத் துண்டு துண்டாக அரிந்து குழாய் வழியே வெளியே எடுக்கும். சிதறும் துணுக்குகள் வயிற்றுக்குள் விதைபோல் விழும். 2013இல் பாஸ்டனில் ஏமி ரீட் என்ற மயக்க மருந்து டாக்டருக்கு இதுதான் நேர்ந்தது. ஆறு பிள்ளைகளின் தாயான அவர், கணவருடன் சேர்ந்து அந்தக் கருவியை எதிர்த்துப் போராடி 2017இல் இறந்தார். ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்கு வருவோரில் 350 பேருக்கு ஒருவரிடம் சார்கோமா மறைந்திருக்கலாம் என்று 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

அந்தக் கணக்கு மிகை என்று வாதிடும் டாக்டர்கள் உண்டு. பிற்கால ஆய்வுகள் சில குறைந்த எண்ணையே தருகின்றன. துளை ஆபரேஷனில் ரத்த இழப்பு குறைவு, கூலி வேலைக்குப் போகிறவள் சீக்கிரம் எழுந்து நடமாடுகிறாள் என்பதும் உண்மை. இந்த நன்மையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அதை அடையக் கட்டியை வயிற்றுக்குள்ளேயே திறந்தபடி அரிந்தாக வேண்டும் என்பதில்லை. பல பேருக்குப் பிறப்புவழியாகவே கர்ப்பப்பையை முழுதாக எடுக்கலாம். அரிந்தே ஆகவேண்டுமென்றால் பைக்குள் அடைத்து அரிய வேண்டும் என்று அதே நிர்வாகம் 2020இல் சொன்னது. மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் அரியும் முறையே வேண்டாம் என்பது அதன் நிலை.

இதையெல்லாம் சொன்னால் பெண்கள் பயந்து ஆபரேஷனையே தள்ளிப்போடுவார்கள் என்ற மறுப்புக்கு இந்த மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. புற்றுநோய்ச் சோதனை என்று சொல்லித்தான் அன்றைக்கு 49,311 பேரை அழைத்தார்கள். மூவரில் ஏறக்குறைய இருவர் வந்து நின்றார்கள்.