இல்லாத தெருவும் போகாத சந்தேகமும்

பட்டிமன்றத் தலைப்பு: நீதியைக் காப்பது சாட்சியமா? ஊரார் மனசாட்சியா?
(‘சாட்சியமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னால பேசின எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "பெண்டாட்டி செத்துக் கிடந்தா முதல்ல புருஷனைப் பிடிக்கணும். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும். கோர்ட்டுக்கு மட்டும்தான் தெரியாது"ன்னு சொன்னாங்க. கைதட்டல் பலமா வந்தது. தட்டினவங்கள்ல பாதிப்பேர் பெண்கள். மீதிப் பாதி, பக்கத்துல பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிற ஆண்கள்! (சிரிப்பு)

அம்மாவின் கோபம் நியாயமான கோபம். வீட்டுக்குள்ளேயே அடிபட்டுச் சாகிற பெண்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்" என்கிற அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை மட்டும் ஒரு வரலாற்றின் முன்னால் நிறுத்திப் பார்க்க எனக்கு அனுமதி கொடுங்கள்.

இங்கிலாந்து நாட்டிலே லிவர்பூல் என்று ஒரு துறைமுகப் பட்டணம். வருஷம் 1931. ஆன்ஃபீல்டு என்ற பகுதியில், வுல்வர்ட்டன் தெரு, 29ஆம் எண் வீடு. அங்கே ஒரு கணவன், மனைவி. கணவன் பெயர் வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ். வயசு 52. புரூடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலிக்கிற ஏஜெண்டு. ஒல்லியான, நெட்டையான, அதிர்ந்து பேசாத மனுஷன். இளம் வயதில் நம்ம கல்கத்தாவில்கூடக் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். மனைவி பெயர் ஜூலியா. அந்த அம்மா பியானோ வாசிப்பார், இவர் வயலின் வாசிப்பார். குழந்தைகள் இல்லை. 1914இல் கல்யாணம். பதினாறு வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள்.

ஜனவரி 19, திங்கட்கிழமை சாயங்காலம். வாலஸ் சதுரங்கம் ஆடப் போகிற கிளப்புக்கு ஒரு டெலிபோன் வருகிறது. வாலஸ் இன்னும் வந்து சேரவில்லை. கிளப் கேப்டன் போனை எடுக்கிறார். "என் பெயர் குவால்ட்ரோ. வாலஸை நாளைக்கு ராத்திரி 7.30 மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தொழில் விஷயம். முகவரி, 25, மென்லவ் கார்டன்ஸ் ஈஸ்ட்" என்று ஒரு குரல் சொல்கிறது. வாலஸ் வந்ததும் தகவலைக் கொடுத்தார்கள். "யாரப்பா இந்த ஆள்? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார் வாலஸ். ஆனாலும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. கமிஷன் வருகிற இடம் என்றால் போகாமல் இருப்பாரா?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் பால்காரப் பையன் வருகிறான். ஜூலியா வாசலில் வந்து பால் வாங்குகிறார். ஜூலியாவை உயிரோடு பார்த்ததாகச் சொன்ன கடைசி வெளியாள் அந்தப் பையன்தான். பிறகு வாலஸ் கிளம்புகிறார். மூன்று டிராம் மாறிப் போகிறார். அங்கே மென்லவ் கார்டன்ஸ் நார்த் இருக்கிறது, சவுத் இருக்கிறது, வெஸ்ட் இருக்கிறது. ஈஸ்ட் மட்டும் இல்லை! வழியில் போனவர்களைக் கேட்கிறார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கிறார். பத்திரிகைக் கடையில் கேட்கிறார். போலீஸ்காரரையே நிறுத்திக் கேட்கிறார். அப்படி ஒரு தெருவே கிடையாது என்கிறார்கள்.

இரவு 8.45 மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு திரும்புகிறார். முன்கதவு திறக்கவில்லை. பின்கதவும் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தம்பதி வெளியே வருகிறார்கள். அவர்கள் முன்னிலையில் மறுபடி முயற்சி செய்கிறார். பின்கதவு திறந்துகொள்கிறது. உள்ளே போனால், முன்னறையில் ஜூலியா தலையில் பலமாக அடிபட்டு இறந்து கிடக்கிறார். உடம்புக்கு அடியில் வாலஸின் மழைக்கோட்டு, ஓரம் கருகி. வசூல் பெட்டியில் சுமார் 4 பவுன் காணோம். அடித்த ஆயுதம் எது? கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இப்போ சபையோரே, நீங்களே நீதிபதி. சொல்லுங்க, கொன்றது யாரு? அங்கங்கே "புருஷன்தான், புருஷன்தான்" என்று சத்தம் கேட்குது. நல்லது. லிவர்பூல்காரனும் அன்னைக்கு அதைத்தான் சொன்னான்.

ஏன் சொன்னான்? அந்த மனுஷன் அழவில்லையாம்! போலீஸ் வந்தபோது பதறாமல் இருந்தாராம். நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுது? இழவு வீட்டுக்குப் போனால் யார் அழுதா, யார் அழலை, யார் அழுதுகொண்டே காப்பி குடிச்சாங்கன்னு கணக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தானே நாம்! (சிரிப்பு, கைதட்டல்) சிலருக்குத் துக்கம் கண்ணில் வரும். சிலருக்கு உள்ளுக்குள்ளேயே உறைந்துவிடும். வாலஸ், இன்பம் துன்பம் எதற்கும் கலங்கக் கூடாது என்று சொன்ன ரோமானியச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸைப் படித்து மனசை அடக்கப் பழகியவர். அந்த அடக்கமே அவர் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

பிப்ரவரி 2ஆம் தேதி கைது. ஏப்ரல் 22ஆம் தேதி, லிவர்பூல் செயின்ட் ஜார்ஜஸ் ஹாலில் விசாரணை தொடங்கியது. இந்த வழக்கின் விசித்திரத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒரே தோசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போட்ட மாதிரி, ஒவ்வொரு சாட்சியமும் இரண்டு பக்கமும் வேகும்.

டெலிபோன் எங்கிருந்து வந்தது? வாலஸ் வீட்டிலிருந்து ஒரு 400 கஜ தூரத்தில் இருந்த பொது டெலிபோன் பெட்டியிலிருந்து. இணைப்பில் தகராறு வந்ததால் எக்ஸ்சேஞ்சில் குறிப்பு எழுதி வைத்துவிட்டார்கள். அரசு வக்கீல் ஹெம்மெர்டே சொன்னார்: "கிளப்புக்குப் போகிற வழியில் வாலஸே பேசியிருக்கிறார்." எதிர்த்தரப்பு வக்கீல் ரோலண்ட் ஆலிவர் சொன்னார்: "வாலஸ் வீட்டை விட்டுக் கிளம்புகிறாரா என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்த எவனோ பேசியிருக்கிறான்." பேச்சைக் கேட்ட கிளப் கேப்டனோ வாலஸை நன்றாக அறிந்தவர். அவர், அது வாலஸின் குரல் போல இல்லவே இல்லை என்று சாட்சி சொன்னார்.

தெருவைத் தேடி அத்தனை பேரைக் கேட்டாரே? "சாட்சி சேர்க்கத்தான் கேட்டார்" என்றது ஒரு பக்கம். "முகவரி தெரியாதவன் வேறு என்னதான் செய்வான்?" என்றது மறுபக்கம்.

நேரக் கணக்குக்கு வருவோம். 7.06க்கு வாலஸ் வழியில் டிராமில் இருந்தது உறுதி. அப்படியென்றால் 6.50க்குள் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பால்காரப் பையன் ஜூலியாவைப் பார்த்தது 6.30 என்றால், வாலஸுக்கு இருபது நிமிஷம் கிடைக்கிறது. 6.45 என்றால், வெறும் நாலைந்து நிமிஷம். அந்தப் பையன் கோர்ட்டில் சொன்ன நேரம் ஒன்று, முதலில் கூட்டாளிப் பசங்களிடம் சொன்ன நேரம் வேறொன்று. மருத்துவப் பேராசிரியரோ உடம்பின் விறைப்பை வைத்து, சாவு 6 மணியளவில் நடந்திருக்கும் என்றார். ஆறு மணிக்குச் செத்தவர் ஆறரைக்குப் பிறகு வந்து பால் வாங்கினாரா?

எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தம். அந்த அறையில் சுவரெல்லாம் ரத்தம் தெறித்திருக்கிறது. ஆனால் வாலஸ் போட்டிருந்த உடுப்பில் ஒரு சொட்டு இல்லை. "உடுப்பைக் கழற்றிவிட்டு மழைக்கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு கொன்றிருப்பார்" என்றார்கள். சரி, அப்படியானால் கை, கால், முகத்தைக் கழுவ வேண்டாமா? குளியலறையில் கழுவினதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. காரணமும் கிடைக்கவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, இன்னொரு பெண் இல்லை.

நீதிபதி ரைட், இந்தச் சாட்சியம் போதாது என்று ஜூரிகளுக்குப் புரிகிற மாதிரியே எடுத்துச் சொன்னார். ஜூரிகள் உள்ளே போனார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். "குற்றவாளி" என்றார்கள். தூக்குத் தண்டனை!

எதிரணி நண்பர்களே, இதுதான் நீங்கள் கேட்ட ஊரார் மனசாட்சி. அந்த ஜூரிகள் கெட்டவர்களா? இல்லை. உங்களையும் என்னையும் போலக் குடும்பஸ்தர்கள். செத்துப்போன ஒரு அம்மாவுக்காக அவர்கள் மனசு துடித்தது. ஆனால் துடித்த மனசு, கையில் இருக்கிற சாட்சியத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? வாலஸின் தொழிற்சங்கம் விசாரணைக்கு முன்பிருந்தே அவருக்குப் பண உதவி செய்தது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. சங்கத்து நிர்வாகிகள் தாங்களே ஒரு விசாரணை மாதிரி உட்கார்ந்து, ஆதாரங்களை அலசிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். லிவர்பூல் கதீட்ரலில், மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு நல்ல வழி காட்டும்படி பிரார்த்தனை நடந்தது. மே 19ஆம் தேதி, தலைமை நீதிபதி ஹெவர்ட் பிரபு தலைமையிலான மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: இந்தச் சாட்சியங்களைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க முடியாது, தண்டனை ரத்து. 1907ஆம் வருஷச் சட்டத்தால் பிறந்த அந்த நீதிமன்றம், சாட்சியம் போதாது என்ற காரணத்துக்காக ஒரு கொலைத் தண்டனையை ரத்து செய்தது அதுதான் முதல் தடவை. (கைதட்டல்)

கைதட்டாதீங்க. கதை முடியலை. விடுதலையாகி வந்த வாலஸை ஊர் விடுதலை செய்ததா? பழகின வாடிக்கைக்காரர்கள் வாசலில் நிற்க விடவில்லை. வசைக் கடிதங்கள் வந்தன. வெளியே போகிற வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் உட்கார வேண்டியதாயிற்று. வீட்டைக் காலி செய்துவிட்டு, மெர்ஸி ஆற்றுக்கு அக்கரையில் போய்க் குடியிருந்தார். 1933 பிப்ரவரி 26ஆம் தேதி, சிறுநீரக நோயால் இறந்தார். 54 வயசு. ஜூலியாவை அடக்கம் செய்த அதே ஆன்ஃபீல்டு கல்லறையில் அவரையும் வைத்தார்கள். மேல்கோர்ட்டு ரத்து செய்த தண்டனையை, ஊர் தன் கையாலேயே நிறைவேற்றியது.

எதிரணி கேட்கும்: "ஒருவேளை அவர்தான் கொன்றிருந்தால்?" நியாயமான கேள்வி. அதைத் தாண்டிக் குதித்து ஓட எனக்கு விருப்பம் இல்லை. அவர்தான் கொன்றார் என்றால், ஒரு கொலைகாரன் தப்பித்தான், அந்தப் பெண்ணுக்கு நீதி கிடைக்கவில்லை. சாட்சியம் கேட்கிற சட்டத்துக்கு நாம் கொடுக்கிற விலை அது. சின்ன விலை இல்லை. ஆனால் அவர் கொல்லவில்லை என்றால்? ஒரு நிரபராதி தொங்குகிறான். நிஜமான கொலைகாரன் அந்தத் தூக்குமேடையின் நிழலில் நிம்மதியாகத் தூங்குகிறான். புருஷனைத் தூக்கில் போட்டாச்சு என்றால், போலீஸ் அடுத்தவனைத் தேடுமா? அவசரத் தீர்ப்பு ஜூலியாவுக்கும் சேர்த்துச் செய்கிற துரோகம்.

அதற்குப் பிறகு எழுதாத பேர் இல்லை. துப்பறியும் கதை எழுதின டாரதி சேயர்ஸ் 1936இல் இந்த வழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1981இல் லிவர்பூல் வானொலி ஒன்று இன்னொரு ஆளைச் சந்தேகத்துக்குரியவர் என்று பெயர் சொல்லியே அறிவித்தது. முன்பு வாலஸோடு அதே கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர் அவர். 2013இல் பி.டி. ஜேம்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், இல்லை, வாலஸ்தான் கொன்றார் என்று எழுதினார். அந்த இளைஞரின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் மேல் வழக்கே வரவில்லை, அவரும் செத்துப்போய்விட்டார். சாட்சியம் வேண்டும் என்று பேச வந்துவிட்டு, சாட்சியமில்லாமல் ஒரு பெயரை உங்கள் வாயில் போட்டுவிட்டுப் போனால் நான் எந்த அணி? (கைதட்டல்)

இத்தனை பேர் எழுதினார்களே, ஜூலியாவைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்? பல வருஷம் கழித்துப் பழைய பதிவேடுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் பிறந்தது 1861இல். கல்யாணப் பதிவில் 37 என்று எழுதியிருந்தபோது, அவருக்கு உண்மையில் ஐம்பது தாண்டியிருந்தது. கொலை நடந்த அன்று 69. ஒரு பெண் எதற்காகத் தன் வயதை அப்படி மறைத்து வாழ்ந்தார்? அவர் தனிமை என்ன, பயம் என்ன? யாருக்கும் அக்கறை இல்லை. டிராம் எத்தனை மணிக்கு என்று தேடினவர்கள், அந்த அம்மா யார் என்று தேடவில்லை.

இன்றைக்கும் ஒரு கொலை வழக்கு செய்தியில் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ரெண்டு வாய்க்கு நடுவில் தீர்ப்பு எழுதுகிறோம். பேசுங்கள், தப்பில்லை. ஆனால் பேசுகிறபோது ரெண்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, செத்தவரின் வீடு. இன்னொன்று, நாம் கை நீட்டுகிறவரின் வீடு.

நமக்கு இது புதுப் பாடமா? மதுரையிலே ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரிக்காமல் கோவலனை வெட்டினார்கள். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அருமையான சாட்சியம்! ஆனால் எப்போது வந்தது? தலை விழுந்த பிறகு வந்தது. அந்தச் சிலம்பை முன்னாலேயே உடைத்துப் பாருங்கள் என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

ஆகவே நடுவர் அவர்களே, மனசாட்சி கண்ணீர் விடட்டும், கோபப்படட்டும், கேள்வி கேட்கட்டும். தீர்ப்பு எழுதுகிற பேனா மட்டும் சாட்சியத்தின் கையில் இருக்கட்டும் என்று சொல்லி, நீதியைக் காப்பது சாட்சியமே எனத் தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.